கோழிக்குஞ்சு என்ன நிறம்?

எலே பேராண்டி, இப்பிடி வந்து திண்ணையில உக்காரு. அந்தச் செல்லைக் கொஞ்சம் கீழ வை. பயப்படாத, அது ஓடிப்போகாது, அதுக்குக் காலு கிடையாது. காலு இருக்கிறவன் நீதான், ஒரு இடத்துல அஞ்சு நிமிசம் இருக்க மாட்டேங்கே.

காலையில பனங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்லா. பனையேறி இறங்கி வந்து, கலயத்து நுரையை ஒதுக்கி, ஓலைப்பட்டையில பதனியை ஊத்தி உன் கையில குடுத்தாரு. நீ என்ன செஞ்சே? ஒரு கையில பட்டை, மறு கையில செல்லு. பட்டை ஒரு பக்கமாச் சாஞ்சு, பாதிப் பதனி உன் முழங்கை வழியா ஒழுகி எறும்புக்குப் போச்சு. மீதிப் பாதியைக் குடிச்சே. 'எப்பிடிடே இருக்கு?'ன்னு கேட்டா, 'முப்பத்தேழு பேரு லைக் போட்டிருக்காங்க தாத்தா'ங்கே. நான் கேட்டது பதனி எப்பிடி இருக்குன்னு. அந்தக் கேள்விய எறும்புகிட்ட கேட்டிருந்தா சரியாப் பதில் சொல்லியிருக்கும்.

ஓலைப்பட்டையை மொதமொத மடிச்சவன் லேசுப்பட்டவன் இல்லடே. அதைக் கீழ வைக்க முடியாது, வச்சா கவுந்துரும். ஒத்தைக் கையில பிடிக்க முடியாது, பிடிச்சா ஒழுகிரும். ரெண்டு கையாலயும் ஏந்தி, தலையைக் குனிஞ்சு, மூக்கு உள்ள போற மாதிரி வச்சுத்தான் குடிக்கணும். பச்சை ஓலை வாசனை, பதனி வாசனை, அடியில லேசாச் சுண்ணாம்பு வாசனை, எல்லாம் சேந்து ஏறும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் வேற சோலி எதுவும் பாக்க முடியாது. நீ டவுனுல காசு குடுத்துத் தியானம் கத்துக்கிட்டியே, ஒரு பொம்பளைக் குரல் செல்லுக்குள்ள இருந்து 'மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்'னு சொல்லுமே, அதுக்கு வருசத்துக்கு எவ்வளவு கட்டுதே? பட்டைக்குக் காசு கிடையாது. பதனிக்கு மட்டும்தான்.

போட்டோ எடுத்தது தப்புன்னு சொல்ல வரலை. உன் சித்தப்பன் மக, மதுரையில மனசைப் பத்திப் படிக்காளே சின்னவ, அவ லீவுக்கு வந்தா எனக்குப் பொஸ்தகம் படிச்சுக் காட்டுவா. கண்ணு மங்கினவனுக்கு அது ஒரு வசதி. பிடிக்காத பக்கம் வந்தா தூங்கியே தாண்டிரலாம். அதுல ஒரு சேதி வந்துச்சு. அமெரிக்காவுல லிண்டா ஹென்கெல்னு ஒரு அம்மா, 2014-ல எழுதினது. காலேஜ் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குள்ள கூட்டிட்டுப் போயி, சில பொருளைச் சும்மா பாக்கச் சொன்னாங்களாம், சில பொருளைப் போட்டோ எடுக்கச் சொன்னாங்களாம். மறுநாள் கேட்டா, போட்டோ எடுத்த பொருள்தான் மறந்து போச்சு. பெட்டிக்குள்ள இருக்குல்லா, மண்டைக்குள்ள எதுக்குன்னு மனசு கைகழுவிருது. ஆனா ஒரு சூட்சுமம்: அந்தப் பொருள்ல ஏதாச்சும் ஒரு பாகத்தை மட்டும் கிட்டக் கொண்டாந்து படம் பிடிச்சவங்களுக்கு ஞாபகம் தப்பலையாம். அவங்க படம் பிடிக்கதுக்கு முன்னாடி பாத்திருக்காங்க. நீ பதனியைப் பாக்கவே இல்லையே ராசா, வெளிச்சம் சரியா விழுதான்னுல்லா பாத்தே.

சரி, பதனி போகட்டும். ராத்திரி கயித்துக்கட்டில்ல புரண்டு புரண்டு படுத்தியே, அதைச் சொல்லு. எனக்கு வயசுக்குத் தூக்கம் வராது, உனக்கு என்ன கேடு? கேட்டதுக்கு நீ சொன்ன கதைய நினைச்சு விடியிற வரைக்கும் வாயைப் பொத்திச் சிரிச்சேன். கம்பெனியில வருசம் ஒருவாட்டி ஆளை எடை போட்டு ஒரு காயிதம் குடுப்பாங்களாம். சம்பளம் ஏத்தியிருக்கான். பதவி ஏத்தியிருக்கான். ஒன்பது வரி உன்னைத் தூக்கி வச்சு எழுதியிருக்கான். பத்தாவது வரியில 'இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்'னு ஒரு வார்த்தை. அந்த ஒன்பது வரியில என்ன இருந்துச்சுன்னு கேட்டேன், நாலுதான் சொல்லத் தெரிஞ்சுது உனக்கு. பத்தாவது வரிய மட்டும் எழுத்துப் பிசகாம ஒப்பிச்சே. சென்னையில இருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல அந்த ஒத்தை வரியைச் சுமந்துட்டு வந்திருக்கியே, கண்டக்டர் லக்கேஜுக்கு டிக்கெட் போடலையா?

உன்னைக் குத்தம் சொல்லி என்ன செய்ய, நம்ம வம்சமே அப்பிடி. ஆதியில ரெண்டு பேரு காட்டு வழியாப் போனாங்கன்னு வச்சுக்கோ. குறுக்க என்னமோ வளைஞ்சு கிடக்கு. ஒருத்தன் 'ஆகா, கயிறு, கிணத்துக்கு ஆகும்'னு குனிஞ்சான். இன்னொருத்தன் 'ஐயோ பாம்பு'ன்னு வேட்டியை விட்டுட்டு ஓடினான். (ஆதியில வேட்டி ஏதுன்னு கேக்காத. கதைக்குக் காலு இருந்தாப் போதும்.) பத்துக்கு ஒன்பது வாட்டி அது கயிறுதான். ஆனா பத்தாவது வாட்டி இருக்கு பாரு, அதுல குனிஞ்சவன் சோலி முடிஞ்சுது. வேட்டியில்லாம ஓடினவன் வீடு வந்து சேந்து, பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கி, அஞ்சாறு பிள்ளை பெத்தான். அவன் பிள்ளைகதான் நாம எல்லாரும். கம்பெனிக் காயிதத்துல பாம்பு தேடுறது உன் ரத்தத்துல இருக்கு.

அதனால கெட்டது வந்தா, வரப்பு நாயுருவி வேட்டியில ஒட்டுதே, அப்பிடி ஒட்டும். நல்லது தாமரை இலைத் தண்ணி. வந்த தடம் தெரியாமப் போயிரும். 2001-ல ராய் பாமைஸ்டர்னு ஒருத்தரும் அவருகூட மூணு பேரும் சேந்து இதையே ஒரு பெரிய கட்டுரையா எழுதியிருக்காங்களாம். காசு கிடைச்ச சந்தோசத்தை விட அதே காசு போன வருத்தம் பெருசு, நாலு பேரு பாராட்டினதை விட ஒருத்தன் ஏசினது ஆழமா இறங்குது, புருசன் பொண்டாட்டிக்குள்ளயும் அதே கதைதான்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சிருக்காங்க. சின்னவ படிச்சு முடிச்சதும் நான் சொன்னேன்: "இதுக்கு நாலு படிச்ச ஆளா? உங்க ஆச்சியைக் கேட்டிருந்தா, அம்பது வருசமா நான் எடுத்துக் குடுத்த சேலையெல்லாம் விட்டுட்டு, எடுத்துக் குடுக்காத ஒரு சேலையைப் பத்தி இதே அளவுக்குச் சொல்லியிருப்பாளே."

அடுக்களையில இருந்து சத்தம் வந்துச்சு: "அது சேலை இல்லை, கம்மல்."

பாத்தியா.

இதுக்கு மருந்து தொழுவத்துல நிக்குது. நம்ம செவலைப் பசுவைப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்டே, போட்டோ எடுத்திருப்பே. பகல்ல அது திங்கிற வேகத்தைப் பாத்தா திருடித் திங்கிற மாதிரி இருக்கும். வெட்டி விழுங்கிட்டு, நிழல்ல வந்து படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, விழுங்கினதை ஒவ்வொரு உருண்டையா வாய்க்குக் கொண்டாந்து அரைக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அதுக்கு இதே வேலை. நம்ம ஊர்ல அதுக்கு அசைபோடுறதுன்னு பேரு. நாம நினைச்சு நினைச்சுப் பாக்குறதுக்கும் அதே பேருதான். நம்ம முப்பாட்டன் மாட்டைப் பாத்துத்தான் மனசைப் படிச்சிருக்கான். அசைபோட உனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம், ராத்திரி பூரா அதைத்தான் செஞ்சே. செவலை அரைக்கிறது புல்லை, நீ அரைக்கிறது முள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிக் ஹான்சன்னு ஒருத்தரு 2013-ல இதுக்குன்னே ஒரு பொஸ்தகம் போட்டிருக்காரு. நல்லது ஒண்ணு நடந்தா உடனே அடுத்ததுக்குத் தாவாதே, ஒரு பத்து இருபது நொடி அதுலயே நில்லுங்காரு. நமக்கு நொடிக்கணக்கு எங்க தெரியும்? நான் வெத்தலைக்கணக்கு வச்சிருக்கேன். காம்பு கிள்ளி, நரம்பு உரிச்சு, சுண்ணாம்பு தடவி, பாக்கு வச்சு மடிச்சு வாயில போடுற நேரம். அந்த ஒன்பது வரியில ஏதாச்சும் ஒரு வரிக்கு ஒரு வெத்தலை நேரம் குடுத்தியா? 'இந்த மனுசன் இதைக் கவனிச்சிருக்கானே, அந்த மழைக்காலத்துல ரெண்டு ராத்திரி முழிச்சு வேலை பாத்தோமே, வீண் போகலை'ன்னு நெஞ்சுல இறங்க விட்டியா? இறங்க விடலை. வாசல்ல நின்ன விருந்தாளிய 'சரி சரி'ன்னு அனுப்பிட்டு, கடன்காரனை நடுவீட்டுல பாய் போட்டுப் படுக்க வச்சிருக்கே.

இன்னொரு கணக்கும் சின்னவ படிச்சா. 2010-ல மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட்னு ரெண்டு பேரு, 2,250 ஆளுக செல்லுக்கு நேரங்கெட்ட நேரத்துல சேதி அனுப்பி, 'இப்போ என்ன செய்யுதே, மனசு அதுலதான் இருக்கா, எப்பிடி இருக்கே?'ன்னு கேட்டாங்களாம். பாதிக்குக் கொஞ்சம் குறைய, நூத்துக்கு 47 வாட்டி, மனசு செய்யுற வேலையில இல்லை. எங்கயோ மேயப் போயிருக்கு. மேயப் போன மனசு சந்தோசமாவும் இல்லை. ஒரே ஒரு வேலையில மட்டும்தான் மனசு நல்லா ஒட்டி இருந்துச்சாம். அது என்ன வேலைன்னு கேட்டேன். சின்னவ 'அடுத்த பக்கம் போவோம் தாத்தா'ன்னுட்டா. நானும் வயசானவன், ஊகிச்சுக்கிட்டேன். பாவம், அந்த நேரத்துலயும் சேதி அனுப்பியிருக்கான் பாரு. அதுக்குப் பதில் எழுதினவன் இருக்கானே, அவனை நினைச்சாத்தான் சிரிப்பு வருது.

இப்போ கோழிக்கு வாறேன்.

உங்க ஆச்சி தினமும் சாயங்காலம் விளக்கு வச்சிட்டு வந்து எனக்கு ஒரு நல்ல சேதி சொல்லுவா. பெருசா ஒண்ணும் இருக்காது. வேலியில பீர்க்கு பூத்திருக்கு. எதிர்வீட்டு மருமக மோர் குடுத்துவிட்டா. போன வாரம் வந்து சொன்னா: 'கருப்பி பதினோரு குஞ்சு பொரிச்சிருக்கா.' இந்த இடத்துல புருசன்காரன் வாயில இருந்து என்ன வருதுங்கிறதுலதான் அந்த வீட்டு ராத்திரியே இருக்கு. நாலு விதமாச் சொல்லலாம்.

'ம்ம்'ங்கலாம். செல்லைப் பாத்துக்கிட்டே சொன்னா இன்னும் விசேசம். 'பதினொண்ணா? பருந்து விட்டு வைக்குமா, பாரு, நாலு தேறினாப் பெருசு'ங்கலாம். நம்ம கிழக்குத் தெரு மாமா அப்பிடித்தான், அவரு வீட்டுல கோழி முட்டை போடவே யோசிக்கும். 'எனக்கு முழங்கால் வலி தாங்கலைட்டீ'ன்னு பேச்சையே திருப்பிரலாம். நாலாவது, 'அப்பிடியா! என்ன நிறம்?'னு கேக்கலாம்.

நான் கேட்டேன். அம்புட்டுத்தான். உங்க ஆச்சி உக்காந்துட்டா. ரெண்டு கருப்பு, அஞ்சு சந்தன நிறம், மூணு புள்ளி போட்டது, ஒண்ணு மட்டும் கழுத்துல முடி இல்லாம உங்க பெரியப்பன் மாதிரி. கூடையைத் திறக்கையில அந்த மொட்டைக் கழுத்து மொத ஆளா எட்டிப் பாத்துச்சாம். சொல்லச் சொல்ல அவ முகத்துல அந்தக் குஞ்செல்லாம் ஓடுது. காலையில ஒருவாட்டி பொரிச்ச குஞ்சு, சாயங்காலம் இன்னொரு வாட்டி பொரிச்சுது. கருப்பிக்கு ஆன செலவு இருபத்தோரு நாள் அடை. எனக்கு ஆன செலவு ரெண்டு வார்த்தை.

ஷெல்லி கேபிள்னு ஒரு அம்மா 2004-ல இதைத்தான் எழுதியிருக்காங்க. நல்லது நடந்ததை ஒருத்தர்கிட்ட சொல்லி, அவங்க ஆசையாக் கேட்டா, நடந்தது குடுத்த சந்தோசத்துக்கு மேல இன்னொரு பங்கு சந்தோசம் வருதாம். 'ம்ம்'னு கேட்டாலும், பருந்தைக் கூப்பிட்டாலும், முழங்காலை நீட்டினாலும் அது கிடைக்காது. கஷ்டத்துக்கு ஓடி வாறவனை எல்லாரும் மெச்சுதோம். சந்தோசத்துக்கு ஓடி வாறவன் அபூர்வம்டே, நீயே எண்ணிப் பாரு.

நேத்து உன் மக வெளியில இருந்து ஓடி வந்து, 'அப்பா, நான் ஒரு மாடு வரைஞ்சேன், அதுக்கு ஆறு காலு'ன்னா. நீ 'ம்ம், சூப்பர்'ன்னே. செல்லை விட்டுக் கண்ணெடுக்கலை. அது கொஞ்ச நேரம் நின்னுட்டு என்கிட்ட வந்துச்சு. 'எதுக்குத் தாயி ஆறு காலு?'ன்னு கேட்டேன். நாலு காலு நடக்கதுக்காம், ரெண்டு காலு காலாட்டிக்கிட்டு உக்காரதுக்காம். என் எழுபத்தொம்பது வயசுல மாட்டுக்கு இப்பிடி ஒரு வசதி செஞ்சு குடுத்தவளை நான் பாத்ததில்லை. உனக்கு வந்த பதனி அது. அதையும் எறும்புக்கு விட்டுட்டே.

இதுல நம்ம சனங்களுக்கு இன்னொரு பயம் உண்டு. 'ரொம்பச் சிரிக்காத, அப்புறம் அழணும்'பாங்க. எவனாச்சும் 'எப்பிடி இருக்கீரு?'ன்னு கேட்டா 'ஏதோ இருக்கேன்'போம். வெள்ளாமை அமோகமா விளைஞ்சிருந்தாலும் 'ஏதோ'தான். ஒண்ணு, நல்லா இருக்கேன்னா கண்ணு பட்டுரும். ரெண்டு, நல்லா இருக்கேன்னா அவன் கைமாத்துக் கேட்டுருவான். ரெண்டாவது பயம் நியாயமானது, அதை விட்டுராத. மொதப் பயத்துக்கு உங்க ஆச்சி வழி வச்சிருக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்துல ஒரு கருப்புப் பொட்டு வைப்பா. கண்ணேறு கழியத்தான் வைக்கா. ஆனா நான் அம்பது வருசமா அந்தப் பொட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பொட்டு வச்சு முடிச்சதும் அவ பயம் போயிரும். பிறகு கூச்சமில்லாம அள்ளி அள்ளிக் கொஞ்சுவா. குறை ஒண்ணை நாமளே வச்சாச்சு, இனி வெளியில இருந்து எவனும் வைக்க வேண்டாம்னு ஒரு தைரியம். உன் காயிதத்துப் பத்தாவது வரி இருக்கே, அதைக் கன்னத்துப் பொட்டுன்னு நினைச்சுக்கோ. இத்தனூண்டு மை. நீ முகத்தைப் பாக்காமப் பொட்டையே பாத்துக்கிட்டு இருக்கே.

'எல்லாம் சரி தாத்தா, இன்னும் கொஞ்சம் காசு சேந்துட்டா, வீட்டுக் கடன் முடிஞ்சுட்டா, அப்புறம் நிதானமா அனுபவிப்பேன்'னு சொல்ல வாறே. வாய் அசையுது பாரு. அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1978-ல பிலிப் பிரிக்மேன்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிகளும், அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ங்கிற மாகாணத்துல லாட்டரி விழுந்த 22 பேரைப் பிடிச்சுப் பேசினாங்க. பெரிய பெரிய தொகை விழுந்தவங்க. பக்கத்து ஆளுகளை விட அவங்க சந்தோசம் ஒண்ணும் பெருசாக் கூடலை. அதை விடு. காலைச் சாப்பாடு, கூட்டாளி கூடப் பேச்சு, ஒரு சிரிப்புக் கதை, இப்பிடிச் சின்னச் சின்ன விசயத்துல மத்தவங்களுக்குக் கிடைக்கிற ருசி இவங்களுக்குக் குறைஞ்சு போச்சு. லாட்டரி குடுத்த கையாலேயே இட்லி ருசியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கு.

இட்லின்னதும் ஞாபகம் வருது. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில நம்ம கரிசக்காட்டு ஊர்கள்ல இட்லி, தோசையெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மத்த நாளு கம்மங்கஞ்சி, சோளச்சோறு, தொட்டுக்க வெங்காயம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஆட்டுரல் சத்தம் கேக்கும் பாரு, எங்களுக்குப் பாதித் தீபாவளி அதுலயே வந்துரும். மாவு பொங்கியிருக்கான்னு ராத்திரி எந்திரிச்சுப் போயி மூடியைத் திறந்து பாத்து அடி வாங்கியிருக்கேன். இட்லியைத் தின்னது ஒருவாட்டி. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் நினைச்சுத் தின்னோம், அதுக்குப் பின்னாடி ஒரு மாசம் பேசித் தின்னோம். ஃபிரெட் பிரையன்ட், ஜோசப் வெரொஃப்னு ரெண்டு பேரு 2007-ல ருசிச்சு வாழுறதைப் பத்தியே ஒரு பொஸ்தகம் எழுதியிருக்காங்க. அவங்களும் இந்த மூணு காலத்தையும்தான் சொல்லுதாங்க. அவங்க ஊர்லயும் ஆட்டுரல் இருந்திருக்கும்போல.

இதைக் கேட்டுட்டு வறுமைக்கு மாலை போட்டுராத. பசியில ருசி வராது, வயித்து வலிதான் வரும். பஞ்ச காலத்தை நான் பாத்தவன். நான் சொல்லுதது வசதி வந்த பிறகு செய்ய வேண்டிய சில்லறைச் சூழ்ச்சி. 2013-ல ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன்னுன்னு ரெண்டு பேரு, கொஞ்சப் பேருக்கு ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க, கொஞ்சப் பேருக்கு அள்ளிக் குடுத்து இஷ்டத்துக்குத் தின்னுன்னுட்டாங்க. வாரம் கழிச்சு எல்லாருக்கும் ஒரு துண்டு. விரதம் இருந்தவன் கண்ணை மூடித் தின்னான், அள்ளித் தின்னவன் கடமைக்கு மென்னான். நீ வாரத்துல ஏழு நாளும் போன்ல சோத்துக்கு ஆர்டர் போட்டு, ஏழு நாளும் பிரியாணியைத் தின்னுட்டு, 'முன்ன மாதிரி டேஸ்ட் இல்லை'ங்கே. பிரியாணி அப்பிடியேதான் இருக்கு.

சின்னவ எனக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்தா. மார்ட்டின் செலிக்மன்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் 2005-ல சொன்ன வைத்தியமாம். ராத்திரி படுக்கதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்த மூணு நல்லதை எழுதணும், அது ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். ஒரு வாரம் எழுதினவங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும் மனசு தெளிவா இருந்துச்சாம். அதுலயும், வாரம் முடிஞ்ச பிறகும் சொல்லாம கொள்ளாம எழுதிக்கிட்டே இருந்தவங்களுக்குத்தான் கூடுதல் பலன். எனக்கு எழுத்து ஓடாது. 'ஏன்'னு கேட்டதுதான் எனக்குப் பிடிச்சுது. மோர் வந்துச்சுன்னு எழுதினா ஒரு வரி. மோர் ஏன் வந்துச்சு? போன மாசம் அந்த மருமக பிள்ளைக்குக் காய்ச்சல்னு உங்க ஆச்சி கசாயம் வச்சுக் குடுத்தா. மோருக்குப் பின்னாடி இம்புட்டு நடந்திருக்கு. மூணாம் நாளு எழுதினேன், அஞ்சாம் நாளும் எழுதினேன், பத்தாம் நாளு 'மோர், மோர், மோர்'னு எழுதி வச்சிருந்தேன். சின்னவ பாத்துட்டுச் சிரிச்சா. சோன்யா லியுபோமிர்ஸ்கின்னு ஒரு அம்மா (இந்தப் பேரைச் சொல்லி முடிக்க ஒரு வெத்தலை செலவாகும்) ஆறு வாரம் சோதிச்சுப் பாத்ததுல, வாரத்துக்கு ஒருவாட்டி எண்ணினவங்களுக்குத்தான் பலன் இருந்துச்சாம், மூணுவாட்டி எண்ணினவங்களுக்கு இல்லையாம். தினமும் பாயசம் வச்சா அது கஞ்சி. நான் இப்போ வெள்ளிக்கிழமை மட்டும் எழுதுதேன். மத்த நாளைக்கு ஆச்சி இருக்கா, கோழி இருக்கு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்லுதேன், கேட்டுக்கோ. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஊருக்கு உபதேசம் பண்ணக் கிளம்பிராத. போர் போட்டுத் தண்ணி வராம நகையை அடகு வச்சவன் இருக்கான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் இருக்கான். அவன்கிட்ட போயி 'இன்னைக்கு நடந்த மூணு நல்லதைச் சொல்லுங்க'ன்னு கேட்டா செருப்பைக் கழட்டுவான், நானும் அவன் பக்கம்தான் நிப்பேன். அங்க போனா வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காரு. உனக்குக் கூலி குறைச்சுக் குடுக்கிற முதலாளியும் ஒருநாள் இதே பாடத்தை எடுப்பான். 'இருக்கிறதை நினைச்சு சந்தோசப்படுங்க'ம்பான். அவன்கிட்ட மொதல்ல கூலியை வாங்கு. பதனியைப் பிறகு ருசிக்கலாம்.

என்ன சிரிக்கே? 'நீங்க மட்டும் எல்லாத்தையும் அசைபோட்டு முனிவரா ஆயிட்டீங்களாக்கும்'னு கேக்கே. கேளு, உரிமை இருக்கு. 1974-ல தை மாசம், சொந்தக்காரங்க வீட்டுல ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்தேன். பரிமாறுனவன் எனக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு வடை வச்சான், இந்தப் பக்கம் இருந்தவனுக்கு வடை வச்சான், நடுவுல என் இலையைத் தாண்டிட்டான். அவன் போட்டிருந்த பனியன்ல தோள்பட்டையில ஓட்டை. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அந்த ஓட்டை இன்னும் என் கண்ணுல நிக்குது. அன்னைக்கு இலையில வேற என்ன வச்சாங்க, ஒண்ணும் ஞாபகம் இல்லை. பாயசம் ரெண்டு வகைன்னு உங்க ஆச்சி சொல்லித்தான் தெரியும். பொண்ணு மாப்பிள்ளை முகம் ஞாபகம் இல்லை. வாழையிலையில வடை இல்லாத அந்த வட்டம் மட்டும் அப்பிடியே இருக்கு. அதுல நான் அசைபோட்ட நேரத்துக்கு நாலு ஏக்கர் உழுதிருக்கலாம். ஆளுக்கொரு பத்தாவது வரி இருக்குடே.

உள்ள எண்ணெய் வாசனை வருது பாத்தியா? நீ மூக்கைத் தூக்கலை. இப்போ தூக்கு. உளுந்து நம்ம காட்டு உளுந்து, கூட மிளகு தட்டிப் போட்டிருக்கா. மொத ஈடு எடுத்துட்டா, இப்போ ரெண்டாவது ஈடு, எண்ணெய்ச் சத்தம் மாறியிருக்கு. எனக்குக் கிடையாது. டாக்டர் எண்ணெயைத் தொடக்கூடாதுன்னுட்டாரு, உங்க ஆச்சி அந்த ஒரு பேச்சை மட்டும் வேதமாப் பிடிச்சுக்கிட்டா. ஆனா நீ விருந்தாளி, உனக்கு நாலு வைப்பா. அவசரப்படாம, ஒவ்வொரு வாயா, கண்ணை மூடி ருசிச்சுத் தின்னு. அந்தச் சமயம் உன் இலையில எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சா சத்தம் போடாத. ஓரத்துல கருகலா, மொறுமொறுன்னு இருக்கே, அதை இந்தப் பக்கமாத் தள்ளி வை.